நோயைக் கழித்துவிட்டு அம்மாவை நினைக்க முடியுமா?

கேள்வி: 9 பிப்ரவரி 2025, காலை 6.50

பதினெட்டு ஆண்டுகள் சர்க்கரை நோயோடும், அவற்றில் கடைசி நான்கு ஆண்டுகள் சிறுநீரகக் கோளாறோடும் வாழ்ந்த என் தாயார் சென்ற மாதம் காலமானார். அவரை நினைத்தாலே ஊசியும் மாத்திரைப் பெட்டியும்தான் கண்முன் வருகின்றன. நோய் வருவதற்கு முன்பு இருந்த முகம் வர மறுக்கிறது. நாளாக நாளாக இது மாறுமா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

9 பிப்ரவரி 2025, இரவு 9.15

மாறும் என்று ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் அம்மா 2016 ஜூனில் இறந்தார். எனக்கு இன்னும் மாறவில்லை. உங்களுக்காவது நோய்க்கு முந்தைய அம்மா என்று ஒருவர் இருந்திருக்கிறார். எனக்கு அப்படி ஒருவரே கிடையாது. பன்னிரண்டு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அம்மாவின் இதயத்தில், இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவாக இருக்கும் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே அது சுருங்கிப்போன வால்வு. 1996இல் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தினார்கள். அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளும் அந்த வால்வு மூடும் சத்தம் எங்கள் வீட்டில் ஒரு தட்டுமுட்டுச் சாமானைப்போல இருந்துகொண்டிருந்தது. மின்சாரம் போன இரவுகளில், மின்விசிறியும் நின்றபிறகு, அடுத்த அறையில் படுத்திருக்கும் எனக்கு அது சுவர்க்கடிகாரம்போலத் துல்லியமாகக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கழித்துவிட்டு அம்மாவை நினை என்றால் என்னால் ஆகாது. கேள்வியிலேயே ஏதோ பிசகு இருப்பதாக எனக்குப் படுகிறது.

10 பிப்ரவரி 2025, காலை 5.40

இரவெல்லாம் யோசித்துப் பார்த்ததில், நேற்று எழுதிய ஒரு சொல்லைத் திருத்தவேண்டியிருக்கிறது. சுவர்க்கடிகாரம்போல என்றது பொய். அம்மாவுக்கு இதயத்தின் மேலறைகள் சீராகத் துடிப்பதில்லை. நாடியைப் பிடித்தால் இரண்டு துடிப்பு அடுத்தடுத்து வரும், பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஒன்று, பிறகு மூன்று. சத்தமும் அப்படித்தான் வந்தது. அந்த இடைவெளிகளில் நான் என் மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்ததுதான் உண்மை. கடிகாரம் என்ற உவமை எங்கள் உறவினர்களுடையது. அறுவை முடிந்து ஊர் திரும்பிய வாரம் பார்க்க வந்த சித்தப்பா ஒருவர், "ஒனக்க அம்மைக்கு நெஞ்சுக்குள்ள வாச்சு வச்சு விட்டிருக்காவ" என்று சொல்லிச் சிரித்தார். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நான் கேட்டதாகவே நம்பத் தொடங்கியிருக்கிறேன்.

12 பிப்ரவரி 2025, இரவு 10.30

ருமாட்டிக் காய்ச்சல் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இளையவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், அது நல்லதுதான்.

தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொற்றுகிறது. ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது சாதாரணமாக வருவது. தொண்டைவலி போய் இரண்டு மூன்று வாரம் ஆனபிறகு, சிலருக்கு மட்டும், கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் காவல் படை ஆள் தெரியாமல் தன் மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்குகிறது. வலி ஒரு மூட்டில் நிற்காது. முழங்காலில் விட்டுக் கணுக்காலுக்கும், அங்கிருந்து மணிக்கட்டுக்கும் நகரும். இந்த நோய் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவர்களிடையே ஒரு பழைய சொல் உண்டு. மூட்டுவலி தடயமில்லாமல் போய்விடும். இதய வால்வில் விழுந்த தழும்பு மட்டும் ஆண்டுக்கணக்கில் தடித்துக்கொண்டே வரும்.

அம்மாவுக்கு அது வந்தது 1965இல், கல்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். வாதம் என்று சொல்லி ஆச்சி எண்ணெய் காய்ச்சித் தடவினார். ஒரு மாதத்தில் கால் சரியாகிவிட்டது. எண்ணெய்க்குப் பெயர் கிடைத்தது. அந்த எண்ணெயை அதன்பின் அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாங்கிப்போனார்களாம். ஆச்சியை இதற்காக நான் குறை சொல்லமாட்டேன். கண்ணுக்குத் தெரிந்த வலியை அவர் போக்கினார். தெரியாததை அந்த ஊரில் அன்றைக்கு யாரும் தேடவில்லை.

நல்ல மைட்ரல் வால்வு முழுவதும் திறந்தால் நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் வழி இருக்கும். அம்மாவின் 1995ஆம் ஆண்டு எக்கோ (இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் சோதனை) அறிக்கையில் 0.9 என்று எழுதியிருக்கிறது. அந்த ஆண்டு அம்மா படுத்து உறங்கவே இல்லை. மூன்று தலையணைகளைச் சுவரில் அண்டக்கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். தட்டையாகப் படுத்தால் நுரையீரலில் நீர் ஏறி மூச்சு முட்டும். எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்த காலம் அது. நடு இரவில் எப்போது நிமிர்ந்து பார்த்தாலும் அம்மா விழித்திருந்தார். நான் படிப்பதற்காகத் துணைக்கு விழித்திருக்கிறார் என்று நினைத்து, கல்லூரியில் கட்டுரைப் போட்டி ஒன்றில் அதை எழுதிப் பரிசும் வாங்கினேன். அம்மா அந்தக் கட்டுரையைப் படித்தார். திருத்தவில்லை.

13 பிப்ரவரி 2025, பிற்பகல் 1.10

அக்கா இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். பத்தாம் வகுப்பு 1995 சரி. தலையணை மூன்று அல்ல, இரண்டுதானாம். மூன்றாவது, அரிசிச் சாக்கில் பழந்துணி திணித்துத் தைத்தது. பதிவு செய்துகொள்கிறேன்.

13 பிப்ரவரி 2025, இரவு 11.00

அக்கா இன்னொன்றும் சொன்னார். அதைத் தனியாக எழுதவேண்டும்.

நான் வயிற்றில் இருந்தபோதுதான் அம்மாவின் நோய் வெளிப்பட்டது என்பது எங்கள் குடும்பத்தின் கதை. அதில் மருத்துவ நியாயம் உண்டு. கர்ப்பக் காலத்தில் உடம்பில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. குறுகிய வால்வின் வழியே அவ்வளவும் போகமுடியாமல் பின்னால் தேங்குகிறது. அதுவரை சமாளித்து வந்த பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. 1979இல் அம்மாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. முதன்முதலாக ஒரு மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு முகம் மாறியதும் அப்போதுதான். பெரியம்மா ஒருவர் கோபம் வரும்போதெல்லாம் இதை என்னிடம் சொல்லிக்காட்டுவார். நானும் நாற்பது ஆண்டுகளாக அந்தச் சுமையைச் சுமந்துகொண்டு, உள்ளூர அதில் ஒரு பெருமையும் பட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா இன்று சொன்னது இது: 1976இல், அக்காவைச் சுமந்தபோதே அம்மாவுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவருவதற்குள் இரண்டு இடத்தில் இறக்கிவைப்பாராம். பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்று தானும் நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடமே 2010க்குப் பிறகுதான் சொன்னாராம். ஆகவே என் தனி உரிமையில் அக்காவுக்கும் பங்கு வந்துவிட்டது. மூத்தவர் என்பதால் முதல் பங்கு அவருக்கே.

15 பிப்ரவரி 2025, காலை 7.20

ஒரு நண்பர் நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பியிருக்கிறார். நான் வேறோர் இடத்தில் அம்மாவுக்குப் பொருத்தியது சித்ரா வால்வு என்று எழுதியிருந்தேனாம். சித்ரா வால்வின் வட்டு பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் வகை என்பதால் சத்தம் மிக மெதுவாகவே இருக்கும், அடுத்த அறைக்குக் கேட்டிருக்காது என்கிறார்.

அவர் சொல்வது சரி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானின் தலைமையில் உருவான வால்வு அது. முதல் மூன்று மாதிரிகளும் தேறாமல், நான்காவது மாதிரிதான் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. குமரி மாவட்டத்தில் எங்களுக்கெல்லாம் அது பக்கத்து வீட்டுப் பிள்ளை மாநிலத்தில் முதலாவதாக வந்ததுபோன்ற பெருமை. அப்பா எல்லாரிடமும் "நம்ம சித்ரா வால்வு" என்றே சொல்வார்.

நேற்று இரவு அம்மாவின் பையைத் திறந்து, வால்வு பொருத்தியவர்கள் எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டிய அந்தச் சிறிய அட்டையைத் தேடி எடுத்தேன். 27 மி.மீ., இரண்டு கார்பன் இதழ்கள் கொண்ட வெளிநாட்டு வால்வு என்று தெளிவாக இருக்கிறது. அப்பா ஏன் மாற்றிச் சொன்னார்? இந்திய வால்வு என்றால் விலை குறைவு. விற்ற வயலின் பணம் எவ்வளவு போயிற்று என்று அம்மா கணக்குப் போடக்கூடாது என்பதற்காக இருக்குமோ என்று அரைமணி நேரம் உருகிக்கொண்டிருந்தேன். அக்காவைக் கேட்டேன். "அப்பாவுக்கு எந்தப் பெயர்தான் சரியாக நினைவிருந்தது? உன்னையே சித்தப்பா மகன் பெயரால்தானே கூப்பிடுவார்" என்றார். அதுவும் சரிதான்.

16 பிப்ரவரி 2025, காலை 8.00

எலி மருந்துதான் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிறார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உறவுமுறை உண்டு. 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் என்ற தீவனப்பயிரைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. அந்தக் காரணத்தைத் தேடிப் போனதில் கிடைத்த மருந்துக் குடும்பம் இது. அதிலிருந்து வந்த வார்ஃபரின் முதலில் எலிக்கு வைக்கப்பட்டு, 1950களில்தான் மனிதர்களுக்கு வந்தது. அம்மா உட்கொண்டது அதன் உறவான அசிட்ரோம். செயற்கை வால்வில் இரத்தம் கட்டிவிடாமல் இருக்க ஆயுள் முழுவதும், ஒருநாள் தவறாமல், மாலை ஆறு மணிக்கு. வீட்டில் அதற்குப் பெயர் எலி மாத்திரை. "எலி மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பது விளக்கேற்றியாயிற்றா என்று கேட்பதைப்போல.

20 பிப்ரவரி 2025, இரவு 10.15

கேள்வி கேட்டவர், தம் அம்மாவுக்குப் பிடித்த பலாப்பழத்தைக் கடைசி ஆண்டுகளில் கையிலிருந்து பிடுங்கி வைத்ததை எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் அது முருங்கைக்கீரை.

அந்த மாத்திரை வைட்டமின் கே என்ற சத்துக்கு எதிராக வேலை செய்வது. கீரைகளில் அந்தச் சத்து மிகுதி. 1996இல் வீடு திரும்பும்போது கொடுத்த தாளில் கீரை பற்றி ஒரு வரி இருந்தது. அப்பா அதை விலக்கு என்று படித்தார். திரும்பிய மூன்றாம் நாள், கிணற்றடியில் நின்ற முருங்கையை வெட்டுக்கத்தியால் அடியோடு சாய்த்துவிட்டார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு நடுவே பிளந்த புண் ஆறாத நேரம். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். தலையணையை அணைத்தபடியே, "அந்தக் கொப்பையாவது பக்கத்து வீட்டுக்குக் கொடுங்க, நட்டுக்கிடட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, நானே ஒரு மருத்துவரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. கீரையை விலக்கவேண்டும் என்பதில்லை. இன்று ஒரு கட்டு, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று ஏறி இறங்கக்கூடாது. எந்த அளவு சாப்பிடுகிறோமோ அதே அளவை மாறாமல் சாப்பிட்டால், அதற்கேற்ப மாத்திரையைச் சரிசெய்துவிடலாம். அதைக் கேட்டபோது அம்மா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. இருபது ஆண்டுகள் ஒரு கரண்டி கீரை இல்லாமல் அவரை வைத்திருந்தோமே என்பதுதான் என்னுடைய மாத்திரைப் பெட்டி. உங்களுக்கு மாறுமா என்று தெரியாது. எனக்கு இந்த ஒன்று மாறாது.

23 பிப்ரவரி 2025, இரவு 9.45

அட்டையைத் தேடியபோது அம்மாவின் நோட்டும் கிடைத்தது. அதைப் பற்றிச் சொல்லுமுன் அம்மாவின் வேலையைச் சொல்லவேண்டும். இத்தனை நாளும் அதைச் சொல்லாமலே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அம்மாவுக்கு எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. ஓய்வு பெற்ற 2011 வரை, அறுவைக்கு எடுத்த விடுப்பு நீங்கலாக, அந்த அடுக்களையில்தான் இருந்தார். வந்த பிள்ளைகளை எண்ணி, அரிசியையும் பருப்பையும் எண்ணெயையும் நிறுத்துக்கொடுத்து, பதிவேட்டில் ஏற்றுவது அவர் பொறுப்பு.

நோயையும் அந்தப் பதிவேட்டில் ஏற்றுவதுபோலவே ஏற்றியிருக்கிறார். அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட நோட்டு. தேதி, தொடக்க இருப்பு, வரவு, செலவு, மீதி. மாத்திரைக்குத்தான். அரை மாத்திரை போட்ட நாளில் செலவு அரை என்று இருக்கிறது. உடைத்ததில் தூளாகிப்போன ஒன்றுக்கு "சேதாரம் 1" என்று எழுதிச் சுருக்கொப்பமும் இட்டிருக்கிறார். யாருக்குக் காட்ட அந்தச் சுருக்கொப்பம் என்று தெரியவில்லை. தணிக்கைக்கு யாரும் வரப்போவதில்லை. மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனையின் ஐ.என்.ஆர். எண், அதாவது இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், சிவப்பு மையில். மைட்ரல் இடத்தில் இத்தகைய வால்வு இருப்பவர்களுக்கு அது 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்கவேண்டும். முதல் ஆண்டில் 1.8, 4.6, 2.1 என்று ஆடுகிறது. 1998க்குப் பிறகு ஏறத்தாழ ஆடவே இல்லை. கடைசிப் பதிவு 2016 மே மாதம், 2.9. மூளையில் இரத்தக் கசிவு என்று சொன்னபோது மாத்திரை மிகுந்துவிட்டதோ என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது நினைவிருக்கிறது. இந்த எண்ணை அன்று பார்த்திருக்கலாம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. 1997 நடுவிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமைக்கும் எதிரே, ஓரத்தில், பென்சிலால் "கீ" என்று ஓர் எழுத்து. விடுமுறை மாதங்களில் கூட. கீதம், கீழ்வீடு, கீற்று என்று எதை எதையோ நினைத்துப் பார்த்துவிட்டேன். சீட்டுக்காசாக இருக்குமோ?

24 பிப்ரவரி 2025, காலை 6.05

கீரை என்று ஒரே நேரத்தில் ஏழு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. அம்மா கீரை தின்னாதவர் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன்.

2 மார்ச் 2025, இரவு 8.30

நேற்று ஊருக்குப் போய், அம்மாவோடு சத்துணவு மையத்தில் சமையலராக இருந்த அக்காவைப் பார்த்தேன். எழுபது தாண்டிவிட்டது, கண் சற்று மங்கல், குரலைக் கேட்டே ஆளைத் தெரிந்துகொண்டார். கீரை பற்றிக் கேட்டேன். கேட்ட கேள்விக்கு வியப்பே காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அவர் பள்ளிக்கூட வேலியில் நின்ற முருங்கையில் ஒடித்து, அமைப்பாளருக்கென்று தனியாக, பருப்பும் தேங்காயும் சேர்த்துத் துவட்டுவாராம். அம்மா குழம்புக் கரண்டியால் ஒரு கரண்டி, தலை தட்டி, எடுத்துக்கொள்வார். கூடுதலாக வைத்தால் திருப்பி வைத்துவிடுவார். குறைத்து வைத்தாலும் விடமாட்டார். "கூடவும் கூடாது, குறையவும் கூடாது, பிள்ளைகளுக்கு அரிசி நிறுக்கிற மாதிரி" என்பாராம். முதலில் அரைக் கரண்டியில் தொடங்கி, பரிசோதனை எண்ணைப் பார்த்து, மாத்திரையை மருத்துவரிடம் சொல்லி மாற்றி, பிறகு ஒரு கரண்டியில் நிறுத்தியிருக்கிறார். எனக்கு ஒரு மருத்துவர் ஐந்து நிமிடத்தில் சொன்னதை அம்மா இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கரண்டியையும் பென்சிலையும் வைத்து நடத்தியிருக்கிறார்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று அக்காவைக் கேட்டேன், என் அக்காவை. "மரத்தை வெட்டின மனுஷன்கிட்ட போய்ச் சொல்ல முடியுமா?" என்றார். அது முழு விடையாக எனக்குப் படவில்லை. அப்பா 2009இலேயே போய்விட்டார். அதன்பின் ஏழு ஆண்டுகள் இருந்தனவே. எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு கரண்டி கீரை தனக்கென்று இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கும் பிடித்திருக்கிறது.

20 பிப்ரவரி அன்று எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், "மாறாது" என்று அடித்துச் சொன்னவன் பத்தே நாளில் என்ன ஆனான் என்று தெரியவேண்டுமே.

3 மார்ச் 2025, காலை 5.30

விடுமுறை மாதங்களிலும், 2011இல் ஓய்வு பெற்ற பிறகும் "கீ" தொடர்வது எப்படி என்று கேட்டவருக்கு விடை எழுத நேற்றிரவு கை வரவில்லை.

அந்தச் சமையலர் அக்காதான் செவ்வாய்தோறும் எங்கள் வீட்டுக்கு வருவார். இடுப்பில் ஒரு துணிப்பை. நான் விடுப்பில் ஊரில் இருக்கும் நாட்களில் பார்த்திருக்கிறேன். பின்பக்கமாக வந்து அடுக்களையில் உட்கார்ந்து அரைமணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மாவை ஓய்வெடுக்க விடாமல் வம்பளக்க வருகிறார், கைமாற்றுக்கும் வருகிறாராக இருக்கும் என்று நான் நினைத்தேன். ஒருமுறை வாசலிலேயே நிறுத்தி, அம்மா தூங்குகிறார், பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியும் விட்டேன். அம்மா தூங்கவில்லை.

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 2014 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கு எதிரே "கீ" இல்லை. புதன்கிழமைக்கு எதிரே இருக்கிறது.

8 மார்ச் 2025, இரவு 9.20

கேள்வி கேட்டவர், தம் அம்மா இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும்போது வானொலியில் செய்தி முடியக் காத்திருப்பார் என்று நேற்று எழுதியிருந்தார். செய்தி வாசிப்பவரை முணுமுணுப்பில் திட்டிக்கொண்டே ஊசியைக் குத்துவாராம். இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்கவேண்டும் ஐயா. இன்னும் எழுதுங்கள்.

என் பக்கத்தில் ஒரு வேலை மீதியிருக்கிறது. அடுக்களை அலமாரியில் நாங்கள் சீரகம் போட்டு வைத்திருக்கும் எவர்சில்வர் சம்படம் எங்களுடையது அல்ல. அடியில் வேறு பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக யாரும் கவனிக்கவில்லை. கடைசிச் செவ்வாயன்று வந்த சம்படமாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறார். என்ன போட்டுக் கொடுப்பது என்பதில்தான் இரண்டு நாளாக எங்களுக்குள் சண்டை.